கமாண்டரின் கடைசி அத்தியாயம்

சீருடையைக் கழற்றிவிட்டு வரும் சட்ட அதிகாரிகளுக்கு ஒரு வியாதி உண்டு. பென்ஷன் வருவதற்குள் நாவல் வந்துவிடும். தரைப்படையின் சட்டப் பிரிவில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கும் அது வந்தது. இப்போது உங்களுக்கு வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒருவராவது போன் செய்து, "மேடம், எங்கிட்ட ஒரு கோர்ட் மார்ஷல் கதை இருக்கு, அப்படியே எழுதுனாப் பத்திக்கும்" என்கிறீர்கள். பத்திக்கும் ராசா, பத்திக்கும். யார் வீட்டுக் கூரையில் என்பதுதான் கேள்வி.

எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது, எழுதியதை யாரிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நீங்களே சட்டம் படித்த சூரப்புலிகள். சட்டத்தில் எங்கும் எழுதாத ஒன்றைப் பற்றி, எங்கள் கண் முன்னால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மதுரையில் இந்த வியாதி பிடித்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் கமாண்டர். கடற்படையின் சட்டப் பிரிவில் இருந்தவர். மேற்கே வாடிப்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஓய்வுக்குப் பிறகு பரவையில் வீடு கட்டிக்கொண்டார். அவர் நாவலை மாட்டுத்தாவணியில் வாங்கி பஸ்ஸில் ஏறினால், திருச்சி போய்ச் சேர்வதற்குள் மூன்று கொலை, ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கடத்தல், ஒரு கல்யாணம் எல்லாம் முடிந்துவிடும். இரண்டாமவள் நான். என் நாவல்களில் யாருமே சாவதில்லை என்று பதிப்பாளருக்குத் தீராத வருத்தம். மூன்றாமவன் விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடராக இருந்து சமீபத்தில் வெளியே வந்த பையன். லீடர் என்றே கூப்பிடுவோம். அவன் எழுதுவதைவிட அடுத்தவர் எழுதியதைப் படித்துவிட்டு "சூப்பர் சார்" என்று சொல்வதுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நான் பரவைக்குப் போய்விடுவேன். லீடரும் வந்துவிடுவான். கமாண்டர் வீட்டு மாடியில் சுக்குக் காபியோடு ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படிப்போம். முதல் வேலை, ரகசியம் எதுவும் கசிந்திருக்கிறதா என்று தேடுவது. அந்த வேலையில் எங்களை அடிக்க ஆள் கிடையாது. கப்பலின் பெயரை மாற்றுவோம், துறைமுகத்தை மாற்றுவோம், துப்பாக்கியின் ரகத்தை மாற்றுவோம், கதாநாயகன் குடிக்கும் டீயைக்கூடக் காபியாக்கிவிடுவோம். மாற்றி முடித்தபின் பெற்ற தகப்பனுக்கே பிள்ளையை அடையாளம் தெரியாது.

அப்படித்தான் கமாண்டரின் புது நாவலையும் சலித்து எடுத்தோம். அது அவருடைய முதல் வழக்கை வைத்து எழுதியது. இருபது வருடம் இருக்கும். அப்போது கமாண்டர் சட்டப் பிரிவுக்குப் புதிது. ஒரு கப்பலின் ஆயுத அறையிலிருந்து ஒரு பிஸ்டல் காணாமல் போயிற்று. அந்த அறையைப் பார்த்துக்கொண்ட மாலுமி மீது கோர்ட் மார்ஷல். அவர் பெயர் ஆண்டிச்சாமி, ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். 'நம்ம ஊர்க்கார சாரு இருக்காராம்ல' என்று தேடிப் பிடித்து, தனக்காக வாதாடச் சொல்லி கமாண்டரைக் கேட்டிருக்கிறார். ஆயுத அறைக்குச் சாவி ஒன்றுக்கு மேல் இருந்தது. அவை பலர் கைக்குப் போய் வந்தன. அதை வைத்துக் கமாண்டர் வழக்கைக் கிழித்துத் தொங்கவிட்டார். ஆண்டிச்சாமி குற்றமற்றவர் என்று விடுதலையானார். பிஸ்டல் மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை.

கோர்ட் விட்டது, ஊர் விடுமா? சர்வீஸை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தவருக்கு 'பிஸ்டல்' என்ற பட்டப்பெயர் தயாராக இருந்தது. பத்திரிகை வைக்க வருகிறவன்கூட "பிஸ்டல் வீடு எதுங்க" என்றுதான் வழி கேட்பானாம். பிறகு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு வங்கிக் கிளையில் துப்பாக்கியோடு நிற்கும் காவலர் வேலை கிடைத்தது. முன்னாள் ராணுவத்தினருக்குக் கொடுக்கும் வேலை. ஒரு மனுசன் கையில் வங்கியே துப்பாக்கியைக் கொடுத்து வாசலில் நிறுத்தினால் ஊர் என்ன செய்யும்? மெல்ல மெல்ல 'பேங்க் அண்ணே' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த வேலை அவருக்குச் சோறு மட்டும் போடவில்லை, மானத்தையும் மீட்டுக் கொடுத்தது.

இனி நாவலின் கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். த்ரில்லருக்குத் திருப்பம் வேண்டுமே! நாவலில் வரும் மாலுமி விடுதலையாகி ஊருக்குப் போகிறான். பல வருடம் கழித்து அவனுடைய வக்கீல் அவனைப் பார்க்கக் கிராமத்துக்கு வருகிறார். கறி விருந்து. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறான். கோடைகாலம், கிணறு வற்றிக் கிடக்கிறது. வக்கீல் எட்டிப் பார்க்கிறார். அடியில், சேற்றில் பாதி புதைந்து, துருப்பிடித்த துப்பாக்கி. வக்கீல் நிமிர்கிறார். மாலுமி சிரிக்கிறான். முற்றும்.

கமாண்டர் இதைப் படித்துக் காட்டியபோது எங்களுக்குப் புல்லரித்தது. லீடர் எழுந்து நின்றே "சூப்பர் சார்" என்றான். நானும் கைதட்டினேன், அத்தனை நல்ல முடிவு. அந்தத் திருப்பம் உண்மையா என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கதைதானே!

கமாண்டருக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஆண்டிச்சாமிக்குப் போன் போட்டு, "வெளியீட்டு விழாவுல மொதப் பிரதிய நீதான்டா வாங்கணும், என் மொத கேஸு நீ" என்றார். போனை வைத்த கையோடு நாவலையும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டார். இதைப் பாசத்தோடு செய்தார் என்பதை நான் எந்தக் கோர்ட்டிலும் சத்தியம் செய்து சொல்வேன்.

விழா ஏற்பாடு என் தலையில் இருந்ததால் ஆண்டிச்சாமியிடம் என் நம்பர் இருந்தது. விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே, ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார்.

"மேடம், நான் ஆண்டிச்சாமி பேசுறேன். கொட்டாம்பட்டி."

"சொல்லுங்க ஆண்டிச்சாமி. விழாவுக்குப் புதுச் சட்டை எடுத்தாச்சா?"

"விழாவுக்கு நான் வரல மேடம். சாருட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. ஒடம்புக்குச் சொகமில்லன்னு சொல்லுங்க."

"அச்சச்சோ, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல மேடம்."

பொய் சொல்லத் தெரியாத மனுசனைக் குறுக்கு விசாரணை செய்வது பாவம். இருந்தாலும் செய்தேன், விஷயம் வெளியே வந்தது. நாவல் போனில் வந்து விழுந்ததுமே, அதைத் திறந்துகூடப் பார்க்காமல், 'நம்ம சார் எழுதுன நாவல், மொதப் பிரதி எனக்குத்தான், எல்லாரும் படிங்க' என்று எழுதி, கும்பிடு படமும் போட்டு, ஊர் வாட்ஸப் குழுவில் தூக்கிப் போட்டுவிட்டார். அவருக்கு அத்தனை பெருமை! ஊர் இளவட்டங்கள் முதலில் கடைசி அத்தியாயத்தைத்தான் படித்தார்கள்.

"எம் மச்சினன் கேக்குறான் மேடம், 'மாப்ள, மோட்டாரப் போட்டுக் கெணத்த எறைச்சுப் பாத்துருவமா'ன்னு. ஒருத்தன் எங்க கெணத்தப் போட்டோ எடுத்து, அதுல துப்பாக்கிப் படத்த ஒட்டிப் போட்டு விட்டுருக்கான். சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அது சுத்திச் சுத்தி எங்க மேனேஜரு போனுக்கே வந்துருச்சு."

"அவர் என்ன சொன்னாரு?"

"நல்ல மனுசந்தான் மேடம். 'ரெண்டு நாளு வீட்ல இருங்க ஆண்டிச்சாமி, மேல கேட்டுட்டுச் சொல்றேன்'னாரு. துப்பாக்கிய வாங்கி உள்ள வச்சுப் பூட்டிட்டாரு."

அவரே தொடர்ந்தார். "ஊரு பேசுறது பேசிட்டுப் போகுது மேடம். எம்பொண்ணு காலேஜு படிக்குது. நேத்து எம்பக்கத்துல வந்து ஒக்காந்து, 'ஏம்ப்பா, ஒங்க வக்கீலே எழுதிருக்காருன்னா...' அப்படின்னு ஆரம்பிச்சுச்சு. பாதியில நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

"நாளைக்கு கமாண்டர் வீட்டுக்கு வாங்க" என்றேன். "நீங்க வந்தே ஆகணும்."

மறுநாள் காலையில் மாட்டுத்தாவணிக்கு வந்து பஸ் மாறிப் பரவையில் இறங்கி வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய முடி, விறைப்பான முதுகு. பார்த்தால் இன்னும் சர்வீஸில் இருக்கும் ஆள்தான். கமாண்டர் ஓடிவந்து கட்டிக்கொண்டார். ஆண்டிச்சாமி பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். நடந்ததை அவரைச் சொல்லவிடாமல் நானே சொன்னேன்.

கமாண்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முதலில் ஊர்மேல் கோபம், பிறகு மேனேஜர்மேல், கடைசியில் என்மேல்.

"கர்னலம்மா, நான் பேர மாத்தலையா? கப்பல மாத்தலையா? கொட்டாம்பட்டியத் தூக்கி ராமநாதபுரத்துல கொண்டுபோய் வச்சேனே! பிஸ்டல ரிவால்வரா ஆக்குனேன். ஆளோட உயரத்தக்கூட அரை அடி கூட்டிருக்கேன். இவன் மானம் போச்சுன்னு எவனாவது கேஸ் போட்டா எந்தக் கோர்ட்டுல நிக்கும்?"

"கோர்ட்டுல நிக்காது கமாண்டர். கொட்டாம்பட்டியில நிக்குது."

இதுதான் நம்மைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு, கவனமாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் மாற்றினோம். அட்டையில் இருந்த ஆசிரியர் பெயரை மாற்ற முடியாதே! ஆண்டிச்சாமிக்கு வாதாடியவர் யார் என்று அந்த ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். வேறு ஒருவர் எழுதியிருந்தால் அது வெறும் கதை. வாதாடிய வக்கீலே எழுதினால், இத்தனை வருடம் வயிற்றுக்குள் வைத்திருந்ததை மனுசன் இப்போதுதான் கக்கியிருக்கிறார் என்றுதான் படிக்கிறவனுக்குத் தோன்றும். கப்பல் ரகசியத்தைக் காப்பாற்ற மூன்று பேர் மண்டையை உடைத்துக்கொண்டோம். இல்லாத ரகசியம் ஒன்றை நாங்களே உண்டாக்கி ஊருக்கு அனுப்பியிருந்தோம்.

லீடர் ஒரு யோசனை சொன்னான். "சார், முன்பக்கத்துல 'இது முழுக்கக் கற்பனை'ன்னு பெருசாப் போட்டுருவோம்."

"கரெக்ட்!" என்றார் கமாண்டர்.

"வக்கீல் போட்டா, 'மாட்டிக்காம இருக்க வழி பண்ணிட்டாருடா'ன்னுதான் சொல்வாங்க" என்றேன் நான்.

கமாண்டர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். அவர் நடந்தால் ஆபத்தான யோசனை ஏதோ வருகிறது என்று அர்த்தம். நாலு தடவை மாடியை அளந்துவிட்டுத் தொடையைத் தட்டினார். "கெணத்த எறைச்சுருவோம்! நானே வாரேன். பஞ்சாயத்துத் தலைவர வச்சுக்குவோம், ஊரக் கூட்டுவோம். பெரிய மோட்டாராப் போட்டு அடி மண்ணு தெரிய எறைச்சு, வீடியோ எடுத்து, அதே வாட்ஸப்புல போட்டு விடுவோம். ஒண்ணும் இல்லேன்னு கண்ணால பாக்கட்டும். வாய மூடிருவாய்ங்க!"

"சூப்பர் சார்!" என்றான் லீடர்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் ஆண்டிச்சாமியின் கை, காபி டம்ளரை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். கமாண்டர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் மின்விசிறிகூட அவர் பக்கம்தான் சுற்றும். சம்பந்தப்பட்ட மனுசன் வாயைத் திறக்கவே போவதில்லை என்று தெரிந்தது. அந்த நேரத்தில்தான் நம் தொழிலில் இருக்கும் ஒரு வழக்கம் எனக்குக் கை கொடுத்தது.

கோர்ட் மார்ஷலில் கதவைச் சாத்திக்கொண்டு உறுப்பினர்கள் முடிவெடுக்கும்போது, பதவியில் எல்லோருக்கும் இளையவர்தான் முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் பேசினால் இளையவர் அதற்கு 'ஆமாம் சார்' போட்டுவிடுவார் என்பதற்காக வைத்த முறை. உங்களுக்குத் தெரியாததில்லை. நாவல் படிக்கும்போதும் நாங்கள் அந்த முறையைத்தான் வைத்திருந்தோம்.

"கோர்ட் முறைப்படி போவோம் கமாண்டர்" என்றேன். "ஜூனியர் மொதல்ல."

லீடர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தான்.

"நீ இல்லப்பா. இங்க ஒன்னவிட ஜூனியர் ஒருத்தர் இருக்காரு."

எல்லோரும் ஆண்டிச்சாமியைப் பார்த்தோம். மனுசன் பதறிப்போய் எழுந்துவிட்டார். "மேடம், நான் என்னத்தச் சொல்ல, ஆபீசர்ங்க பேசுற எடத்துல..."

"ஒக்காந்தே சொல்லுங்க."

"நின்னாத்தான் மேடம் வாயில வரும்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கெணத்த எறைக்க வேணாம் சார். எறைச்சா உள்ள ஒண்ணும் இருக்காது, அது எனக்குத் தெரியும். ஆனா எறைக்க விட்டேன்னு வைங்க, அன்னைக்கு கோர்ட்டுல குடுத்த தீர்ப்பு பத்தாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். கெணத்துல இல்லேன்னா வைக்கப் படப்பப் பிரிம்பாய்ங்க. படப்புல இல்லேன்னா கொல்லையத் தோண்டும்பாய்ங்க. ஒரு தடவ கூண்டுல நின்னாச்சு சார். மறுபடி எங்க ஊருக்குள்ளயே ஏறி நிக்க மாட்டேன்."

"அப்ப வேற என்னதான்டா செய்யச் சொல்ற?" கமாண்டர் குறுக்கே பாய்ந்தார். நான் கையைக் காட்டினேன். அவர் முறை கடைசியில்தான் வரும்.

ஆண்டிச்சாமி என்னைப் பார்த்தார். "மேடம், சாருட்ட ஒண்ணு சொல்லிக்கலாமா?"

"அதுக்குத்தான் வரச் சொன்னேன்."

"கேஸ் நடந்த அம்புட்டு நாளும் சாரு எங்கூடத்தான் இருந்தாரு. சாவி யாருட்ட இருந்துச்சு, டூட்டிய மாத்துனது யாரு, கதவு எந்தப் பக்கம் தெறக்கும், அம்புட்டும் கேட்டாரு. 'ஆண்டிச்சாமி, நீ எடுத்தியா'ன்னு மட்டும் ஒரு தடவகூடக் கேக்கல. மத்த எல்லாரும் கேட்டாங்க மேடம். கேப்டன் கேட்டாரு. போலீசு கேட்டுச்சு. எங்கய்யாவே லெட்டர் போட்டுக் கேட்டாரு. இவரு ஒருத்தருதான் கேக்கல. சரி, உலகத்துல ஒரு ஆளு நம்மள நம்புறாருன்னு நெனச்சேன். ஊருல 'பிஸ்டலு, பிஸ்டலு'ன்னு கூப்புடுவாய்ங்கள்ல, அப்பல்லாம் அத நெனச்சுக்கிட்டுத்தான் நிமிந்து நடப்பேன்."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "புக்கப் படிச்ச பெறகுதான் சார் எனக்குத் தெரியிது. நம்பி நீங்க கேக்காம இருக்கல. கேட்டா நான் என்னத்தச் சொல்லிப்புடுவனோன்னு இருந்துருக்கீங்க."

கீழே தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனார்.

தொழிலில் நுழைந்த முதல் வாரமே எனக்கு மேலிருந்த அதிகாரி சொன்னார்: கட்சிக்காரனிடம் 'செய்தாயா' என்று கேட்காதே; 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால், அவன் செய்யவில்லை என்று நீ வாதாட முடியாது, உன் வாய்க்குப் பூட்டு. உங்களுக்கும் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். நல்ல விதிதான், நானும் என் சர்வீஸ் முழுக்க அப்படியே நடந்தேன். கேட்கப்படாமல் நிற்கிற மனுசன் அந்த மௌனத்தை என்னவென்று எடுத்துக்கொள்வான் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை. அங்கே உட்கார்ந்திருக்கையில் எனக்கு வெட்கமாக இருந்தது. நான் யாருக்காகவெல்லாம் வாதாடினேனோ அந்த ஒவ்வொரு முகமும் கண்முன் வந்து போயிற்று.

முறைப்படி அடுத்தது லீடர். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல மேடம்" என்றான். நானும் அதையே சொன்னேன். கடைசியாகக் கமாண்டரின் முறை.

அவர் முகம் வெளிறியிருந்தது. நாற்காலியை இழுத்து ஆண்டிச்சாமிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவரையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஆண்டிச்சாமி."

"சார்."

"அந்தப் பிஸ்டல நீ எடுத்தியா?"

"இல்ல சார்."

கமாண்டர் தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, பதிப்பாளருக்குப் போன் போட்டு, "கடைசி அத்தியாயத்தத் தூக்கிரு. ஆமா, மொத்தமாத் தூக்கு. புது முடிவா? அதெல்லாம் கெடையாது. விடுதலையாயி வீட்டுக்குப் போறான், அம்புட்டுத்தான்" என்றார். மறுமுனையில் பதிப்பாளர் அலறியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வந்தது. அவருடைய புத்தகங்களிலேயே இதற்குத்தான் அதிகத் திட்டு விழுந்தது. 'துப்பாக்கி எங்கே என்று சொல்லாமல் முடித்தால் அது என்ன த்ரில்லர்' என்று வாசகர்கள் வறுத்தெடுத்தார்கள். கமாண்டர் அசையவில்லை. அதற்காகக் கிணறு வைத்த திருப்பத்தையெல்லாம் எழுதவே கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பம் இல்லாமல் நம் புத்தகத்தை யார் வாங்குவார்? உங்கள் வழக்கை எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அந்த ஆள் எங்கே இருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார், வீட்டில் யார் யார் படிப்பார்கள் என்று மட்டும் எழுதுவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கமாண்டர் முன்னாலேயே போய்ப் பார்த்திருந்தால் எல்லாம் ஒரு நேரக் கறிச் சாப்பாட்டோடு முடிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை. வங்கி திறக்கும் நேரத்துக்குக் கமாண்டர், நான், ஆண்டிச்சாமி மூன்று பேரும் மேனேஜர் முன்னால் போய் உட்கார்ந்தோம். ஆண்டிச்சாமி உட்காரவில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையான ஆள், ஆனால் பயந்திருந்தார். அவர்மேல் குற்றமில்லை. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவர் தலைதானே உருளும்!

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார். "கெணத்துல துப்பாக்கி கெடந்துச்சுன்னு நீங்கதான எழுதிருக்கீங்க? நீங்க இவரோட வக்கீல்."

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் கமாண்டர் ஆங்கிலத்துக்குத் தாவி, மூன்று சட்டப் பிரிவுகளை எடுத்து வீசி, எதிரில் இருப்பவரைத் திணறடிப்பார். அதை எதிர்பார்த்து நான் மேனேஜருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். அவர் அப்படிச் செய்யவில்லை.

"எனக்கு முடிவு கெடைக்கல தம்பி. கதைக்கு ஒரு முடிவு வேணுமேன்னு இந்த மனுசனக் கெணத்துல தள்ளிட்டேன். அது நான் கட்டுனது, அம்புட்டும் பொய். அந்தப் பிஸ்டலு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. இவரு எடுக்கலன்னு தெரியும்."

"எப்படி சார் தெரியும்?"

"கேட்டேன்."

மேனேஜர் கமாண்டரைப் பார்த்தார். பிறகு ஆண்டிச்சாமியைப் பார்த்தார். சுவரோரம் நேராக நின்றுகொண்டிருந்த ஆண்டிச்சாமி அந்தப் பார்வைக்குக் கண்ணைத் தாழ்த்தவில்லை. மேனேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார்.

"மேல நான் இன்னும் ஒண்ணும் சொல்லல சார். சொல்ல வேண்டிய அவசியம் இல்லன்னு நெனைக்கிறேன். ஆண்டிச்சாமி, வாங்க."

உள்ளேயிருந்து துப்பாக்கி வந்தது. ஆண்டிச்சாமி அதை வாங்கி, குண்டு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றார். அதற்குள் பாஸ்புக்கோடு வந்து நின்ற அவர் ஊர்க்காரர் ஒருவர், "என்னண்ணே, லீவு முடிஞ்சுருச்சா?" என்று கேட்டார். "முடிஞ்சுருச்சு, வரிசையில வாப்பா" என்றார் ஆண்டிச்சாமி. நாங்கள் வெளியே வந்தோம்.

திரும்பும்போது கமாண்டர்தான் காரை ஓட்டினார். மேலூர் தாண்டும்வரை நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மாட்டுத்தாவணியில் வழக்கம்போல வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் இருந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்னு சொல்ல அவனுக்கு ஒரு மூச்சுகூட ஆகல, பாத்தீங்களா கர்னலம்மா?"

"பாத்தேன் கமாண்டர்."

"அந்த ரெண்டு வார்த்தையக் கேக்க நான் இருபது வருசமாப் பயந்துக்கிட்டு இருந்துருக்கேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். முன்னால் இருந்த பஸ் நகர்ந்து போய்விட்டிருந்தது. கமாண்டர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.